ஹக்கிள்பெரி பறிக்க மொன்டானா போனோம்

முதலில் டாக்ஸிக்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனசு ஆறாது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் காலிஸ்பெல் விமான நிலையத்திலிருந்து கிளேசியர் தேசியப் பூங்காவின் மேற்கு வாசலுக்கு 80 டாலர் என்று பேசித்தான் ஏறினோம். வழியில் ஹங்ரி ஹார்ஸ் என்ற சின்ன ஊரில் பழக்கடையைப் பார்த்ததும் அக்கா நிறுத்தச் சொன்னாள். இறங்கும்போது கேட்டது 110. காத்திருந்ததற்கு 20, பெட்டிகளுக்கு 10 என்றார். ஆகஸ்டில் வாடகைக் கார் விலை நெருப்பாய்ச் சுட்டது என்றுதான் டாக்ஸி பிடித்தோம். மிச்சம் பிடித்ததை அவர் பிடுங்கிக்கொண்டார்.

அந்தப் பழக்கடையிலும் அடிதான். நாங்கள் தேடிப் போன காட்டுப் பழம் ஹக்கிள்பெரி ஒரு காலன் 70 டாலர். காலன் என்றால் நாலு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஊர்ப் பழக்கத்தில் பேரம் பேசிப் பார்த்தேன். கடைக்கார அம்மா சிரித்துக்கொண்டே, "நீங்களே போய்ப் பறித்துப் பாருங்கள், அப்புறம் விலையைப் பேசலாம்" என்றார். சாறு, தேன், மிட்டாய் போதாதென்று சோப்பு, மெழுகுவத்தியில்கூட ஹக்கிள்பெரி. 12 டாலருக்கு ஒரு ஜாம் பாட்டில் மட்டும் வாங்கினோம்.

மறுநாள் காலை பூங்காவின் இலவசப் பேருந்தில் ஏறி, இறங்கி, நடந்து... அதெல்லாம் எதற்கு. எந்தச் சரிவில் பறித்தோம் என்பதையும் சொல்ல மாட்டேன். அங்கே யாரும் தன் பறிக்கும் இடத்தை வெளியில் சொல்வதில்லை. 2003-இல் 'ராபர்ட்' என்று பெயர் வைத்த காட்டுத்தீ எரித்த பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். தீயில் மேலே இருப்பது கருகினாலும் இந்தச் செடியின் கிழங்குபோன்ற தண்டு மண்ணுக்குள் பிழைத்துக் கிடந்து மறுபடி துளிர்க்கும். மரங்கள் போய் வெயில் விழுகிற இடமென்றால் அதற்குக் கொண்டாட்டம்.

செடி இடுப்பு உயரம்தான். இலை ஓரம் நுணுக்கமாய்ப் பல்பல்லாக, தொட்டால் காகிதம்போல மெல்லிசு. வாக்சினியம் மெம்பிரனேசியம் என்ற தாவரவியல் பெயரின் பின்பாதி அந்தச் சவ்வு இலைக்குத்தான். கடையில் கிடைக்கிற ப்ளூபெரிக்கு இது ஒன்றுவிட்ட தங்கை. இதே பேரினத்துச் செடிகள் நம் நீலகிரிச் சோலைகளிலும் உண்டு. ஆனால் ப்ளூபெரி கொத்தாய்க் காய்க்கும், நறுக்கினால் உள்ளே வெளிறிக் கிடக்கும். இது இலைக்கக்கத்தில் ஒற்றைப் பழமாய்த் தொங்குகிறது, உள்ளேயும் கருஞ்சிவப்பு. நாவல்பழம் தின்றதுபோல நாக்கு, விரல், அக்காவின் வெள்ளைச் சட்டை எல்லாம் ஊதா.

ருசி? ப்ளூபெரியை நான் இனி காசு கொடுத்து வாங்குவேனா என்பது சந்தேகம். புளிப்பு முதலில் சுள்ளென்று ஏறி, அப்புறம் இனிப்பு வருகிறது. மணம் தொண்டைக்குள் போன பிறகும் நிற்கிறது.

ஒற்றை ஒற்றையாய்ப் பறிப்பதில் இரண்டு மணி நேரம் போய், டப்பா பாதிகூட நிறையவில்லை. பூங்காவுக்குள் ஓர் ஆளுக்கு நாளைக்கு ஒரு குவார்ட், அதாவது ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாகத்தான் பறிக்கலாம். அந்த அளவையே எங்களால் எட்ட முடியவில்லை, விதியை எங்கே மீறுவது! நடுவில் அக்கா ஜோடியாய்த் தொங்கிய கறுப்புப் பழத்துக்குக் கை நீட்டினாள். அடியில் சிவப்பு மடல் இருந்தது. அது ட்வின்பெரி, வேறு குடும்பம். இரட்டையாய் இருந்தால் தொடாதே என்று கத்தினேன்.

கத்துவது எப்படியும் அவசியம்தான். குளிர்காலத்துக்குக் கொழுப்புச் சேர்க்கிற கிரிஸ்லி கரடிகளுக்கு இந்த மாதம் இதுதான் விருந்து. கரடி விரட்டும் ஸ்ப்ரேக்கு 45 டாலர் அழுதோம். அது போதாதென்று அக்கா வழியெல்லாம் "கரடியண்ணே, வர்றோம், கொஞ்சம் ஒதுங்குங்க!" என்று தமிழில் குரல் கொடுத்துக்கொண்டே வந்தாள். அண்ணன் வரவில்லை. அவர் வந்துபோன ஊதாச் சாணம்தான் பாதையில் கிடந்தது.

இவ்வளவு கிராக்கி இருந்தும் தோட்டம் போட முடியாதா என்று இரவு தேடிப் படித்தேன். பக்கத்து மாநிலமான ஐடஹோவில் 2000-இல் இதை மாநிலப் பழமாக்கினார்கள். அந்த மாநிலப் பல்கலைக்கழகத்தில் வளர்த்தெடுக்கவும் பாடுபட்டிருக்கிறார்கள். விதை போட்டால் காய்க்கப் பல ஆண்டுகள். மண்ணில் அமிலம் வேண்டும், குளிரில் மொட்டு கருகாமல் இருக்கப் பனிப்போர்வையும் வேண்டும். ஆகவே கடைக்கு வருவது பெரும்பாலும் யாரோ மலையேறிக் கையால் பறித்ததுதான். சரி, 70 டாலருக்கு இனி முணுமுணுக்கவில்லை. ஆனால் ஓட்டலில் மாவுக்குள் பழம் பொதிந்து சுடுகிற ஹக்கிள்பெரி பை (pie) என்று 9 டாலருக்குத் தந்ததில் பாதிக்கு மேல் ஆப்பிள். அதை மன்னிக்க மாட்டேன்.

செலவுக் கணக்கை வரிசையாய் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். டாக்ஸி 110, ஸ்ப்ரே 45, பை 9, ஜாம் 12. அந்த ஸ்ப்ரேயை விமானத்தில் ஏற்ற முடியாது என்று விடுதியில் வந்த அடுத்த ஆளிடம் கொடுத்துவிட்டோம். ஜாமைக் கைப்பையில் வைத்திருந்தேன். 100 மில்லிக்கு மேல் என்று சோதனையில் எடுத்து வைத்துவிட்டார்கள்.