முத்து இறங்கும் வரை

மே 10, 2025

எனக்கு அம்மை போட்டிருக்கிறது. வாசல் நிலையில் வேப்பிலை செருகியாகிவிட்டது. இனி இந்த அறைதான். என் மகன் சின்னவன் நேற்று மதியமே அத்தையோடு பரமக்குடிக்குப் போய்விட்டான். பஸ் ஏறும்போது கை காட்டினானா என்று அம்மாவிடம் மூன்று முறை கேட்டேன். மூன்றாவது முறை, "காட்டினான், காட்டினான்" என்று எரிந்து விழுந்தாள். காட்டியிருக்க மாட்டான்.

மே 11

வயிற்றில் மட்டும் நாற்பத்திரண்டு. அதற்கு மேல் எண்ணவில்லை. தம்பி ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு, "மன்னார் வளைகுடாவில் காணாமல்போன முத்தெல்லாம் உன்மேல்தான் ஏறியிருக்கிறது" என்கிறான். சிரித்தால் உதட்டோரத்தில் இருப்பது வலிக்கிறது.

மே 12

டாக்டர் எழுதிக்கொடுத்தது 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஐந்து முறை. அம்மாவுக்குத் தெரிந்தால் ஆத்தாவுக்கு ஆகாது என்பாள். அதனால் தலையணை உறைக்குள் வைத்திருந்தேன். காலையில் படுக்கையைத் தட்டிப் போட வந்தவள் கையில் அட்டை சிக்கியது. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு விரித்திருந்த வேப்பிலைக்கு அடியில் அதைச் செருகிவிட்டு, இளநீர்ச் செம்பை வைத்துவிட்டுப் போனாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

சாயங்காலம் தம்பி ஜன்னல் கம்பி வழியாக ஒரு பென் டிரைவை எறிந்தான். கப்பலில் வேலை செய்யும் அவன் கூட்டாளி கொடுத்ததாம். "கொள்ளைநோயில் ஊரே செத்துப்போகிற நாடகம். உனக்கு இப்போது பொருத்தமாக இருக்கும்." இப்படி ஒரு உடன்பிறப்பு.

மே 13

'சர்வைவர்ஸ்'. பிபிசி 1975 ஏப்ரலில் போட ஆரம்பித்தது, மூன்று பருவம், மொத்தம் 38 பகுதிகள். தொடக்கத்தில் முகமூடி போட்ட ஒருவர் கையிலிருந்து குப்பி நழுவி உடைகிறது. பிறகு விமானம், விமான நிலையம், கடவுச்சீட்டில் முத்திரைமேல் முத்திரை. அவ்வளவுதான், உலகம் முடிந்தது. நோய் எப்படிப் பரவியது என்று வசனத்தில் விளக்குவதைவிட அந்த முத்திரைச் சத்தம் நன்றாக வேலை செய்கிறது.

விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் தம்பிக்கு வேலை இல்லை. திண்ணையில் வலை பொத்துகிறான். அம்மா கீரை ஆய்கிறாள். நான் உள்ளேயிருந்து பார்த்துப் பார்த்துத் தமிழில் சொல்கிறேன். வகுப்பில்கூட இவ்வளவு கவனமாக யாரும் கேட்டதில்லை.

ஆபி என்றொருத்தி. காய்ச்சலில் கிடந்து எழுந்து பார்த்தால் கணவன் நாற்காலியிலேயே செத்துக் கிடக்கிறான். மகன் பீட்டர் தொலைவில் விடுதிப் பள்ளியில். தேடிப் போகிறாள், அவன் அங்கே இல்லை. திரும்பி வந்து தலைமுடியை வெட்டிக்கொண்டு, பிணத்தோடு சேர்த்து வீட்டைக் கொளுத்திவிட்டுக் கிளம்புகிறாள்.

அம்மா: "முடி சரி. வீட்டை எதற்குக் கொளுத்தினாள்? பிள்ளை திரும்பி வந்தால் எங்கே போவான்?"

தம்பி: "அத்தனை நல்ல கூரை."

மே 14

கூழ். மோர். கூழ்.

மே 15

தாளிக்கக் கூடாது, மீன் வாசமே வீட்டுக்குள் ஆகாது. அப்பா நாட்டுப்படகில் போய்ப் பிடித்து வருவதைக் கரையிலேயே விற்றுவிட்டு, டீக்கடையில் பரோட்டா தின்றுவிட்டு வருகிறார் என்று மதினி சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கோள் சொன்னாள். மீன்காரர் வீட்டில் மீன் இல்லாத கதை.

முதல் பகுதியில் வரும் அந்தக் கிழ ஆசிரியர் மனசைவிட்டுப் போகவில்லை. காதில் கருவி மாட்டிக்கொண்டு, செத்த பள்ளிக்கூடத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். கடைகளில் கிடக்கிற சாமான் தீர்ந்துபோகும், அப்புறம் ஒரு மெழுகுவர்த்தியைக்கூட அடியிலிருந்து நீங்களே செய்யத் தெரிந்தாக வேண்டும் என்று ஆபியிடம் சொல்கிறார்.

தம்பிக்கு ஒரே குஷி. "வெள்ளைக்காரன் செத்தான். நமக்கு என்ன கவலை? கடல் இருக்கிறது, பனை இருக்கிறது, வாலிநோக்கத்தில் உப்பு இருக்கிறது. ஒரு வருடம் என்ன, நூறு வருடம் ஓட்டலாம்."

அப்பா அப்போதுதான் கால் கழுவிக்கொண்டிருந்தார். நாடகத்தை அவர் காதில் வாங்குகிறார் என்றே எனக்குத் தெரியாது. "உன் கையில் இருப்பது என்ன?" என்றார். தம்பி வலையைப் பார்த்தான். நைலான். "அது எந்தப் பனையில் காய்க்கிறது?"

அவருடைய அப்பா காலத்தில் பருத்தி நூல் வலையாம். மரப்பட்டையைக் காய்ச்சிய சாயத்தில் தோய்த்துக் காயவைக்காவிட்டால் மக்கிப்போகும். அந்தச் சாயம் வைக்க இப்போது இந்தத் தெருவில் யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். எஞ்சினுக்கு டீசல், பெட்டிக்கு ஐஸ், வழிக்கு ஜிபிஎஸ் என்று விரல் மடக்கிக்கொண்டே போய்ச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். தம்பி இரண்டு கண்ணி தப்பாகப் போட்டு அவிழ்த்தான்.

எனக்கும் முகம் சுருங்கியது. நானும் மனசுக்குள் தம்பி கட்சிதான்.

மே 16

ஒட்டிய பிறகு முத்து வெளியே தெரியப் பத்து முதல் இருபத்தொரு நாள். டாக்டரிடம் கேட்டேன், செவிலியரிடம் கேட்டேன், புத்தகத்திலும் பார்த்தேன், எல்லோரும் ஒரே கணக்குத்தான் சொல்கிறார்கள். முத்து வெளியே தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே ஒட்டுமாம். 8-ஆம் தேதி எனக்கு வந்தது. 6, 7 இரவுகளில் சின்னவன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் தூங்கினான். 9-ஆம் தேதி மதியம்வரை கூடவே இருந்தான். ஆக 30-ஆம் தேதிவரை நிம்மதி கிடையாது. அரசாங்கம் எல்லாக் குழந்தைகளுக்கும் போடும் தடுப்பூசிப் பட்டியலில் இது இல்லை. தனியாகக் காசு கொடுத்துப் போட வேண்டும். போன வருடம் குழந்தை டாக்டர் சொன்னார். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றேன். அந்த மாதம் பள்ளிக்கூடக் கட்டணம், அதற்கடுத்த மாதம் அவர் துபாயிலிருந்து பணம் அனுப்பத் தாமதம், பிறகு மறந்தே போனது. மறந்தேன் என்பதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். அத்தையிடம் இதைச் சொல்லவில்லை.

இரவு மறுபடி அந்தப் பள்ளிக்கூடக் காட்சியை ஓட்டிப் பார்த்தேன். படுக்கை வரிசைக்கு நடுவே ஆபி நடக்கிறாள். அவள் நன்றாக நடிக்கிறாளா இல்லையா என்றுகூட எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மே 17

முதல் தண்ணீர். மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீர். இதைவிட சுகம் ஏதாவது இருக்கிறதா.

மே 18

குறை சொல்லாமல் இருக்க முடியாது. உலகமே அழிந்து மாதக்கணக்காகியும் இவர்கள் சட்டைக் காலர் கலையவில்லை. பண்ணையைப் பற்றி ஒரு மணி நேரம் விவாதிக்கிறார்கள், அரை மணி நேரம் மண்வெட்டுகிறார்கள். படித்தவர்கள் முடிவெடுக்க, படிக்காதவர்கள் உழைக்க. மதினி சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "அங்கேயும் அதுதானா?" என்றாள்.

ஆனால் இன்று பார்த்த பகுதி. ஒரு விருந்துக்குப் பிறகு ஒரு பெண் கொலையாகிறாள். பார்னி என்றொருவன், வயதுக்கேற்ற புத்தி வளராதவன், அவன்மேல் பழி விழுகிறது. வாக்கெடுக்கிறார்கள். கொல்வதா, துரத்துவதா? கொல்வது என்றாகிறது. குலுக்கலில் ஆபியின் கூட்டத்தில் இருக்கும் கிரெக்குக்கு விழுகிறது. அவன் சுட்டுவிட்டு வந்த பிறகுதான் அதே கூட்டத்தில் இருக்கும் டாம் பிரைஸ் ஒப்புக்கொள்கிறான், கொன்றவன் தான்தான் என்று. வேலைக்கு ஆள் குறைவு என்பதால் அதை வெளியே சொல்லாமல் மறைத்துவிடுகிறார்கள்.

தம்பி, "அவர்கள் இடத்தில் இருந்தால் நாமும் அதைத்தான் செய்திருப்போம்" என்றான். அம்மா கீரைத்தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஏர்வாடி மனநலக் காப்பகம். 2001 ஆகஸ்ட் 6. எனக்கு அப்போது ஏழு வயது. சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் தீயில் போனவர்கள் 28 பேர். பேப்பரில் வந்த படத்தை அப்பா மடித்துப் பரண்மேல் போட்டார், நான் நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தேன். கொள்ளைநோய் வரவில்லை, அரசாங்கம் இருந்தது, போலீஸ் இருந்தது, பஸ் ஓடியது.

இதைத் தம்பியிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

மே 19

பரமக்குடியில் ஒன்றுமில்லை. அத்தை சட்டையைத் தூக்கிக் காட்டினாள். முதுகு வழவழவென்று இருக்கிறது. "ஏம்மா என் தொப்பையையே பார்க்கிறாய்?" என்கிறான்.

மே 20

இரண்டாம் தண்ணீர். பெட்ரோல் லாரிக்காக அடித்துக்கொள்ளும் பகுதிதான் இதுவரை பார்த்ததில் சிறந்தது என்று தம்பி தீர்ப்புச் சொல்லிவிட்டான். தடைக்காலத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு எரிபொருள் கதை இனிக்காதா என்ன.

மே 21

முதல் பருவத்தோடு ஆபி போய்விட்டாள். மகனைத் தேடிப் போனாள் என்று கதை. அவளாக நடித்த கரோலின் சீமோர் அதற்கப்புறம் தொடரில் வரவே இல்லை. எழுதிய டெர்ரி நேஷனும் அதோடு விலகிவிட்டார். இரண்டாம் பருவத் தொடக்கத்திலேயே தீ விபத்து, பழைய முகங்களில் பாதி காலி.

"அப்போ பிள்ளை?" என்றாள் அம்மா. "இன்னும் 25 பகுதி இருக்கிறது, வரும்" என்றேன்.

மே 22

வேகமாக ஓட்டி மூன்றாம் பருவத்துக்குப் போனேன். கிரெக் பெரியம்மையில் சாகிறான். இது ஒளிபரப்பானது 1977. அதே 1977-இல்தான் இந்தியாவில் பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று சான்று கொடுத்தார்கள்.

அப்பத்தாவின் முகம் ஞாபகம் வந்தது. கன்னமெல்லாம் குழி. சின்ன வயதில் என் விரல் நுனி அந்தக் குழிக்குள் சரியாகப் பொருந்தும். அவள் தனுஷ்கோடிக்காரி. 1964 டிசம்பர் புயலில் ஊர் போன பிறகு மண்டபத்துக்கு வந்தவள். விடிந்ததும் யாரைத் தேடினீர்கள் என்று கேட்டால், "தண்ணீரைத் தேடினோம்" என்பாள். மணலைக் கையால் பறித்தால் உப்புக்கடலுக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர் ஊறும், எந்த இடத்தில் பறிக்க வேண்டும் என்பதுதான் தெரிய வேண்டும். அழுவதெல்லாம் தண்ணீர் குடித்த பிறகுதானாம். நாடகத்தில் வருகிறவர்கள் முதல் நாளே அழுகிறார்கள் என்று அவள் குறை சொல்லியிருப்பாள்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலிகளை நோய் இருக்கிறதா என்று நாள்கணக்கில் நிறுத்திவைத்துப் பார்த்த முகாம் இங்கிருந்து கூப்பிடு தூரம். பிற்பாடு அங்கிருந்து ஓடிவந்தவர்களுக்கும் அதே முகாம். ரயில் நிலையத்தின் பெயரே மண்டபம் முகாம். என்னுடைய பதின்மூன்று நாள் ஒன்றுமே இல்லை.

மே 23

மூன்றாம் தண்ணீர். செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போய்விட்டுத்தான் படி தாண்ட வேண்டுமாம்.

மே 24

படித்திருக்கக் கூடாது.

இரவு தூக்கம் வராமல் ஆபி கடைசியில் என்ன ஆனாள் என்று தேடினேன். டெர்ரி நேஷன் 1976-இல் இதை நாவலாகவும் எழுதியிருக்கிறார். அதில் ஆபி பீட்டரைக் கண்டுபிடிக்கிறாள். அவன் கையில் துப்பாக்கி. யாரென்று தெரியாமல் சுட்டுவிடுகிறான்.

இரண்டு மணிக்கு அத்தைக்கு போன் செய்யப் பார்த்தேன். எடுத்தால் என்ன சொல்வது? வைத்துவிட்டேன். கடற்காற்று வேப்பிலையை நிலையில் உரசிக்கொண்டே இருந்தது. இப்படி ஒரு முடிவை எழுதியவனுக்குப் பிள்ளை இருந்ததா இல்லையா, இருந்தால் அந்த மாதம் அது எந்த அறையில் தூங்கியது.

காலையில் அம்மா கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள். "அந்தப் பிள்ளை கிடைத்தானா?"

"கிடைத்தான்."

"நல்லா இருக்கிறானா?"

"நல்லா வளர்ந்திருக்கிறான். அம்மாவைவிட உயரம்."

மே 25

2008-இல் இதையே மறுபடி எடுத்திருக்கிறார்கள். பன்னிரண்டு பகுதியோடு நிறுத்திவிட்டார்களாம். பாதியில் நிற்கிற கதை வேண்டாம் என்று தம்பி பென் டிரைவைத் திருப்பிக் கேட்கிறான். கொடுக்கவில்லை.

மே 26

அத்தை அனுப்பிய படத்தில் காதுக்குப் பின்னால் சிவப்பாக ஒன்று. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், கடைசியில் வெறும் சதுரம் சதுரமாகத் தெரிந்தது. சாயங்காலம் மறைந்துவிட்டது. கொசு.

மே 27

கோயில். வெயில் கண்ணைக் குத்தியது. கரையில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. சில படகுகளுக்குப் புதுப் பெயிண்ட். மதினி என் முகத்தைப் பார்த்து, "ஒன்றுதான் தழும்பு, புருவத்துக்கு மேலே, திலகம் மாதிரி" என்றாள். பொய். நான்கு.

மே 29

வெள்ளிக்கிழமை கிளம்பலாம் என்றிருந்தேன். காலை ஏழு மணிக்கு அவனே கூப்பிட்டான். வீடியோ. சட்டையைத் தானே தூக்கினான். தொப்புளுக்குப் பக்கத்தில் இரண்டு, தண்ணீர் கோத்துக்கொண்டு. "எனக்கும் முத்து வந்துவிட்டது" என்கிறான், பல் தெரிய.

அத்தை பின்னால் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், காதில் ஏறவில்லை. எனக்கு ஒருமுறை வந்து போய்விட்டது, பக்கத்திலேயே படுத்துக்கொள்ளலாம், கழுத்தைக் கட்டிக்கொள்ளட்டும். இது எனக்கு இன்றைக்குத்தான் உறைக்கிறது. தம்பி சைக்கிளை எடுத்துக்கொண்டு பஸ் நேரம் கேட்கப் போயிருக்கிறான். அம்மா நிலையில் செருகியிருந்ததைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கொல்லையில் புதிதாகக் கொத்து கொத்தாக ஒடித்துப் பையில் திணிக்கிறாள். பரமக்குடியில் வேப்பமரம் இல்லையா என்றால் கேட்க மாட்டேன் என்கிறாள்.