பாலமும் பெயரும்

இன்று மியன்மாரின் மோன் மாநிலத்தில், மோல்மீனிலிருந்து சவுங்சோன் போகும் பாலத்தில் வண்டி ஏறியதும், பக்கத்திலிருந்த மோன் இனப் பெரியவர் பெயர்ப் பலகை வரும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆங் சான் பாலம். பர்மிய இனத்தைச் சேர்ந்த விடுதலைத் தலைவரின் பெயர்.

2017-இல் இந்தப் பெயர் வேண்டாமென்று மோன் மக்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். தலைநகர் நேப்பிடோவில் இருந்த மத்திய அரசு கேட்கவில்லை. ஏப்ரல் இடைத்தேர்தலில் சவுங்சோன் தொகுதி அன்றைய ஆளுங்கட்சியின் கையை விட்டுப் போனது.

எனக்கு வலிப்பது வேறு. 1947-இல் பாங்லோங் என்ற ஊரில் ஷான், கச்சின், சின் இனத் தலைவர்களோடு உட்கார்ந்து, எல்லைப்புறங்களுக்கு உள்நிர்வாகத்தில் முழுத் தன்னாட்சி என்று கையெழுத்துப் போட்டவரே ஆங் சான்தான். அவர் பெயரையா மேலிருந்து திணிப்பது?

2008 அரசியல் சட்டம் மாநிலத்துக்குச் சட்டமன்றம் தந்தது, சரி. முதலமைச்சரை நியமிப்பது மட்டும் குடியரசுத் தலைவர்.

மத்திய அரசு பாலம் கட்டட்டும். பெயரையும் முதல்வரையும் இங்கே இருப்பவர்கள் முடிவு செய்யட்டும்.