முகவையைத் தூக்கியது யார்?

ஆசிரிய ஆலோசகராக ஒரு விஞ்ஞான வகுப்பின் கடைசி வாங்கில் போய் இருந்தால், ஆசிரியர் சொல்வதைக் கேட்பதைக் கொஞ்ச நேரத்திலேயே விட்டுவிடுவேன். மேற்பார்வைப் படிவத்தில் பாட அறிமுகம், கரும்பலகைப் பயன்பாடு, வீட்டுவேலை என்று எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் உண்டு. எனக்கு வேண்டிய கட்டம் மட்டும் அதில் இல்லை. குழுவிலுள்ள பிள்ளைகளில் முகவையை, அதாவது பீக்கரை, தூக்கியது யார்? வெப்பமானியை வாசித்தது யார்? சும்மா எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது யார்? நான் போய்வரும் கலவன் பாடசாலைகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: வகுப்பில் முதலாம் பிள்ளை செய்வான், வடிவான கையெழுத்துள்ள பெண்பிள்ளை எழுதுவாள், மற்றவர்கள் பார்ப்பார்கள். பார்த்தவர்களும் செய்முறை செய்தவர்கள் என்றே பதிவாவார்கள்.

யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானக் கல்விக்கு வயது குறைவில்லை. அமெரிக்க மிஷனின் வட்டுக்கோட்டைச் செமினரி 1823இல் தொடங்கியது. அடுத்த ஆண்டே உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலை வந்துவிட்டது. 1847இல் இங்கே வந்த அமெரிக்க மிஷனரி வைத்தியர் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். இதையெல்லாம் விழாக்களில் பெருமையாகப் பேசுகிறோம். அதே ஊரில், அதற்கு நூறு வருடம் பிந்தியும், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் வகுப்பில் வாங்கு இல்லாமல் நிலத்தில் இருந்தார்கள் என்பதையும், 1930ஐ ஒட்டி சம ஆசனம் கொடுக்கச் சொன்னபோது எவ்வளவு எதிர்ப்பு வந்தது என்பதையும் அந்த மேடைகளில் யாரும் எடுப்பதில்லை. இன்றைக்கு எல்லாருக்கும் வாங்கு உண்டு. ஆனால் வாங்கு கிடைத்த பிள்ளைக்கு உபகரணமும் கிடைத்துவிட்டது என்று நினைக்க எனக்கு வழியில்லை.

நீரின் வன்மை, அதாவது தண்ணீரில் கரைந்த கல்சியம் போன்றவற்றால் சவர்க்காரம் நுரைக்காத தன்மை, படிப்பிக்கும்போது வீட்டிலிருந்து ஒரு போத்தல் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவரச் சொல்வது நல்ல செயற்பாடு. எங்கள் குடாநாட்டுக்கு வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது; சுண்ணக்கல்லுக்குள் தேங்கி நிற்கும் நீர்தான். ஒவ்வொரு போத்தலிலும் ஒரே அளவு தண்ணீர் எடுத்து, சவர்க்காரக் கரைசலைத் துளி துளியாக விட்டுக் குலுக்கி, நுரை நிலைக்க எத்தனை துளி போகிறது என்று எண்ணினால் போதும். பெரிய உபகரணம் தேவையில்லை.

ஆனால் போத்தலில் பெயர் ஒட்டவேண்டாம், இலக்கம் மட்டும் போடுங்கள் என்று ஆசிரியர்களிடம் கண்டிப்பாகச் சொல்வேன். இந்த ஊரில் கிணறு வெறும் கிணறு அல்ல. யார் வீட்டில் சொந்தக் கிணறு, யார் பொதுக் கிணற்றில் அள்ளுகிறார்கள், யார் வீட்டுக்குப் பவுசரில் தண்ணீர் வருகிறது என்பதெல்லாம் ஒரு போத்தலோடு வகுப்புக்குள் வந்துவிடும். இலக்கம் போட்டால் அது ஒரு மாதிரி மட்டுமே.

அப்படி ஒரு வகுப்பில், இலக்கம் போட்ட ஒரு போத்தல் என்ன செய்தும் நுரைக்கவில்லை. தயிர் திரைந்த மாதிரி வெள்ளையாக மேலே மிதந்தது. குழுத்தலைவன் கரைசல் பழுது என்றான். கடைசியில் நின்ற, தீவுப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வரும் ஒரு பையன் வாய் திறந்தான். "இல்லை மிஸ், எங்கட தண்ணி அப்பிடித்தான். அம்மா முழுகிறதுக்கு மழைத்தண்ணி பிடிச்சு வைப்பா." மழைத்தண்ணி ஏன் நுரைக்குது என்று ஆசிரியை கேட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது இன்னும் கல்லுக்குள்ள போகேல்லைத்தானே" என்றான். கல்சியம் என்ற சொல் அவனுக்கு வரவில்லை. பாடம் முழுக்க வந்துவிட்டது. ஆசிரியை மறுபேச்சில்லாமல் துளிவிடும் குழாயை அவன் கையில் கொடுத்தார். அந்தப் படிவத்தில் இதற்கு நான் புள்ளி போட இடமில்லாமல் ஓரத்தில் எழுதினேன்.

உயர்தர இரசாயனவியல் ஆய்வுகூடத்தில் இன்னொரு மாதிரி விடுபடல் உண்டு. அமிலத்தில் சிவப்பாகவும் காரத்தில் மஞ்சளாகவும் தெரியும் மெதைல் செம்மஞ்சள் போட்டு, நிறம் மாறும்வரை கரைசலை அளந்து விடும் நியமிப்பைச் செய்யும்போது ஒரு மாணவனுக்கு முடிவுப்புள்ளி ஒவ்வொரு தரமும் பிழைக்கும். கவனமில்லை என்று அவனுக்குப் பேச்சு விழுந்துகொண்டே இருந்தது. அவனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்தறிவதில் சிக்கல் என்று பிறகுதான் தெரிந்தது. நிறக்குருடு இலிங்கமிணைந்த தலைமுறையுரிமை, அதாவது இலிங்க நிறமூர்த்தத்தோடு பரம்பரையாக வருவது, என்று பரம்பரையியலில் அட்டவணை போட்டுப் படிப்பிக்கிறோம். அதே வகுப்பில் யாருக்கு அது இருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. நிறத்தைப் பக்கத்துப் பிள்ளை சொல்ல, கரைசல் விடும் அளவியை அவன் பிடிக்கலாம். அல்லது அமிலத்தன்மையை எண்ணில் காட்டும் பிஎச் மானியைப் பாவிக்கலாம். கேட்டால் தீர்கிற விஷயம்.

கணிதம் வேறு கதை. சாதாரண தரத்தில் அது கட்டாய பாடம். சித்தியடைய 35 புள்ளி, அதாவது ஒரு 'எஸ்'. கல்வி வலயத்தின் சித்தி வீதம் அதில் தொங்குவதால், தரம் 11 வந்ததும் பல இடங்களில் பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்கள். 'ஏ' எடுக்கிறவை ஒரு பக்கம், 'எஸ்' எடுக்கவேண்டியவை ஒரு பக்கம். எஸ் பிள்ளைகளுக்குத் தொடைகள் (கணங்கள்), வரைபு, புள்ளிவிபரம் என்று பொறுக்கியெடுத்த பகுதிகளைத் திரும்பத் திரும்பச் செய்விப்பார்கள். கேத்திரகணிதம் அவர்களுக்கு விடப்படும். "பாவம், அதுகளுக்கு விளங்காது" என்பது அன்பில் சொல்வதுதான். அந்த அன்புதான் எனக்குப் பயம்.

சனி ஞாயிறில் மாமாவோடு மேசன் வேலைக்குப் போகும் ஒரு பையன் அந்த எஸ் வகுப்பில் இருந்தான். அத்திவாரத்துக்கு மூலை எப்படிப் பிடிப்பீர்கள் என்று கேட்டேன். தயங்காமல் சொன்னான்: "ஒரு பக்கம் மூண்டடி, மற்றப் பக்கம் நாலடி அளந்து குறி வைப்பம் மிஸ். குறுக்க அஞ்சடி வந்தால் மூலை சரி. கூடினாலோ குறைஞ்சாலோ கயித்தை இழுக்கோணும்." பைதகரசின் தேற்றம் அவனுடைய பட்டியலிலிருந்து வெட்டப்பட்டிருந்தது, கடினம் என்று. கயிற்றில் அதைப் பாவித்துச் சம்பளம் வாங்குகிறவனுக்கு.

பெண்பிள்ளைகளைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதான். உயிரியல் என்றால் தாய்மார் சந்தோசப்படுவார்கள். பொறியியலுக்கு வழிவிடும் இணைந்த கணிதம் என்றால், "பொம்பிளைப் பிள்ளை சைற்றில வெயிலுக்க நிண்டு என்ன செய்யிறது ரீச்சர்?" 2013இல் உயர்தரத்துக்குத் தொழினுட்பப் பிரிவு வந்தபோது நிலைமை மாறும் என்று நம்பினேன். அதையும் ஆம்பிளைப் பிள்ளைகளின் பிரிவாகவே பல வீடுகள் எடுத்துக்கொண்டன. வீட்டுக்குப் போய் வாதாடி வென்றதைவிட, தரம் 8இலேயே மின்சுற்றுப் பூட்டி மின்குமிழ் எரியவைத்த பெண்பிள்ளை தானே தாயோடு வாதாடி வென்றதைத்தான் கூடக் கண்டிருக்கிறேன்.

அந்த மின்குமிழ் அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தால் இந்த வாதாட்டமும் நடக்காது. பூட்டி வைப்பதற்குக் காரணம் உண்டு. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில் எங்களுக்கு மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். மின்சுற்றைக் கரும்பலகையில் சோக்கட்டியால்தான் பார்த்தோம். அப்படிப் படித்தவர்கள் பலர் இன்று ஆசிரியர்கள். கிடைத்த பொருளை உடையாமல் காப்பது அவர்களுக்கு இரத்தத்தில் ஊறியது. அதற்கு மேல் வருடாந்தப் பொருட் கணக்கெடுப்பு. உடைந்த முகவைக்கு யார் பதில் சொல்வது?

அதனால் இப்போது போகும் இடமெல்லாம் நான் கேட்பது ஒரு உடைவுப் பதிவேடு. திகதி, பொருள், எந்த வகுப்பு, எந்தச் செய்முறை. பிள்ளையின் பெயர் வேண்டாம். வருடம் முடிய அந்தப் பதிவேடு வெறுமையாக இருந்தால், அங்கே செய்முறை நடக்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன் என்றும் சொல்லிவைப்பேன். ஒரு அதிபர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "ஓடிற்காரர் கணக்குப் பார்க்க வந்தால் நீங்களே வந்து பதில் சொல்லுவியள் மிஸ்?" வருவேன் என்றேன். அப்படியானால் எழுதித் தாருங்கள் என்றார். எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். அலுமாரித் திறப்பை எடுத்து, தரம் 8 வகுப்பாசிரியையைக் கூப்பிட ஆளனுப்பினார்.