கரும்புத் தோகையின் சாய்வைப் படத்தில் அளப்பது

கரும்புத் தோகை கிடைமட்டத்திலிருந்து எத்தனை பாகை சாய்ந்து நிற்கிறது என்பதைச் சாதாரண கேமராவாலேயே அளந்துவிடலாம். மொரீஷியஸ் வயலில் அதற்கு முதல் எதிரி காற்று. கிழக்கே ஃப்ளாக் பக்கம் தென்கிழக்குக் காற்று நேரே வந்து மோதும். அதனால் விடிந்ததும் தொடங்கி, காற்று வலுக்கும் முன் முடித்துவிடுங்கள். நண்பகலில் நீர் போதாத தோகை நீளவாக்கில் சுருண்டு சாய்வே மாறிவிடும். இரவில் மழை பெய்திருந்தால் ஈரம் காயும்வரை பொறுக்க வேண்டும். நனைந்த தோகை கனத்துத் தாழ்ந்திருக்கும்.

கேமரா தோகையின் உயரத்தில், கிடைமட்டமாகப் பார்க்க வேண்டும். அண்ணாந்து எடுத்த படத்தில் எல்லாக் கோணமும் கெட்டுவிடும். அகலக்கோண லென்ஸ் வேண்டாம், ஓரங்கள் வளையும். 3, 4 மீட்டர் தள்ளி நின்று, ஷட்டரை 1/500 நொடியில் வையுங்கள். முக்காலியின் மட்டக் குமிழை மட்டும் நம்பாமல், கொத்தனாரின் தூக்குக்குண்டைச் சிவப்பு நூலில் படத்துக்குள் தொங்கவிடுங்கள். இமேஜ்ஜே மென்பொருளில் முதலில் அந்த நூலை அளங்கள். 88.5 பாகை காட்டினால் படத்தை 1.5 பாகை திருப்பிய பிறகுதான் தோகைக்கு வர வேண்டும்.

பலரும் தவறுவது தோகையைத் தேர்ந்தெடுப்பதில். விளிம்பு மட்டும் தெரிந்து, ஒரு கோடாய் நிற்கும் தோகையைத்தான் அளக்கலாம். நம்மை நோக்கி வரும் தோகையோ விலகிப் போகும் தோகையோ உண்மையைவிடச் செங்குத்தாகத் தெரியும். 40 பாகையில் நிற்கும் நடுநரம்பு படத்தளத்திலிருந்து 60 பாகை விலகியிருந்தால், படத்தில் 59 பாகை காட்டும்! ஒரு ரகத்துக்கு 75 தோகைகளாவது வேண்டும். மேலடுக்கு, நடுவடுக்கு, கீழடுக்கு என்று பிரித்துக் குறியுங்கள்.

அடுத்த சிக்கல் வளைவு. கரும்புத் தோகை வில்லாய் வளைவதால், அடியையும் நுனியையும் ஒரே கோட்டால் இணைத்தால் கணக்கு அடியோடு தப்பும். பாதித் தோகை 70 பாகையில் ஏறி, மறுபாதி 30 பாகையில் இறங்குகிறது என்று வையுங்கள். ஒரே கோடு 20 பாகை என்று காட்டும். உண்மைச் சராசரி 50. ஆகவே 10 செ.மீ. துண்டுகளாக அளந்து, ஒவ்வொன்றையும் அங்குள்ள அகலத்தால் எடையிட்டுச் சராசரி எடுங்கள். நுனி ஒல்லியானது, நடுப்பகுதிக்குச் சமமாக அது பேசக் கூடாது.

மொத்த இலைப்பரப்பு மட்டும் போதுமென்றால் குறுக்குவழி உண்டு. உச்சியிலிருந்து 57.5 பாகையில், அதாவது கிடைமட்டத்துக்கு மேல் 32.5 பாகையில், தரையிலிருந்து வானைப் பார்த்துப் படமெடுங்கள். அந்தக் கோணத்தில் இலைச்சாய்வு எப்படியிருந்தாலும் விடை அதிகம் மாறாது. வானம் தெரியும் பங்கின் இயல் மடக்கையை எடுத்து, குறியை மாற்றி, 1.075-ஆல் பெருக்கினால் இலைப்பரப்புக் குறியீடு, அதாவது ஒரு சதுர மீட்டர் தரைக்கு எத்தனை சதுர மீட்டர் இலை என்ற எண், வந்துவிடும். இதற்குத் தீவின் நடு மேட்டிலுள்ள கியூர்பிப் பக்கத்து ஒரே சீரான மேகமூட்டம் அருமையான வானம். வெயிலில் தோகை பளபளத்து வானமாகவே எண்ணப்படும்.

சால் வழியே பார்த்து எடுக்காதீர்கள், வரிசைக்குக் குறுக்கே எடுங்கள். படங்களில் வானம் தெரியும் பங்கைச் சராசரியாக்கிப் பின் மடக்கை எடுப்பதும் தவறு. 0.02, 0.20 என்ற இரு படங்களுக்கு அப்படிச் செய்தால் 2.37 வரும், ஒவ்வொன்றுக்கும் தனியே மடக்கை எடுத்துச் சராசரியாக்கினால் 2.97. பிந்தியதே உண்மைக்கு நெருக்கம். காய்ந்த சோகையும் தண்டும் இந்த எண்ணுக்குள் சேர்ந்துவிடும் என்பதால், சோகை உரித்த பாத்தியையும் உரிக்காத பாத்தியையும் ஒப்பிட வேண்டாம்.