கிறவல் வீதியும் காருக்குள் கேட்கும் சத்தங்களும்

வன்னியில் கார் வைத்திருப்பவர் ஒரே பயணத்திலேயே மூன்று விதமான வீதிகளைக் கடக்க வேண்டியிருக்கிறது. கிளிநொச்சியிலிருந்து மாங்குளம் வரை ஏ-9 வீதி காபட் போடப்பட்டு வழுவழுப்பாகக் கிடக்கிறது. அதிலிருந்து திரும்பினால் சல்லி தூவித் தார் தெளித்த வீதி வருகிறது. அதையும் விட்டுக் குடியிருப்புகளுக்குள்ளோ குளக்கட்டுப் பக்கமாகவோ இறங்கினால், கூரைத் தகரம் போல வரிவரியாகத் தேய்ந்த கிறவல் ஒழுங்கை காத்திருக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது என்பதால், எம்மில் பெரும்பாலானோர் ஓடிக்கொண்டிருப்பது வயதான கார்களையே. அவற்றின் சத்தங்களைக் குறைப்பதற்கு நான் கடைப்பிடித்துவரும் ஒழுங்குமுறையை இங்கே எழுதுகிறேன். ஏனெனில், இங்கு பலர் முதல் வேலையாக அலுமினியத் தாள் ஒட்டிய ஒலித் தடுப்பு விரிப்புகளுக்குப் பணத்தைக் கொட்டுகிறார்கள். என் கணிப்பில் அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை.

சத்தங்களை முதலில் இனம் பிரித்துக்கொள்ள வேண்டும். கடகடப்பு என்பது, தளர்ந்திருக்கும் இரண்டு கடினமான பொருட்கள் ஒன்றையொன்று தட்டுவதால் வருவது. கிறீச்சிடுவது, ஒன்றோடொன்று அழுத்திக்கொண்டிருக்கும் இரண்டு பரப்புகள் ஒட்டியும் வழுக்கியும் மாறிமாறி உராய்வதால் வருவது. தொடர்ச்சியான இரைச்சல் பெரும்பாலும் ரயரிலிருந்து வருகிறது. ஒரே சீரான வேகத்தில் ஓடும் காரில், மணிக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றரைத் தாண்டியதுமே ரயர்ச் சத்தம் இயந்திரச் சத்தத்தை மிஞ்சிவிடும். இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. தட்டுவதைப் பிடித்துக் கட்ட வேண்டும், உராய்வதற்கு இடையில் மெத்தென்ற ஒன்றை வைக்க வேண்டும், இரைச்சலை அது பிறக்கும் இடத்திலேயே குறைக்க வேண்டும். தட்டிக்கொண்டிருக்கும் பொருளின் மேல் எத்தனை விரிப்பு ஒட்டினாலும் அது தட்டிக்கொண்டேதான் இருக்கும்.

தேடத் தொடங்குவதற்கு முன் காரை முழுவதும் வெறுமையாக்குங்கள். கதவுப் பையில் கிடக்கும் சில்லறைக் காசு, இருக்கைக்கு அடியில் உருளும் தண்ணீர்ப் போத்தல், டிக்கியில் கிடக்கும், காரைத் தூக்கும் யாக்கும் அதன் கைபிடியும், இறுக்காமல் விடப்பட்ட மேலதிகச் சில்லு ஆகியவற்றை ஒழுங்குபடுத்தினாலே பாதிச் சத்தம் போய்விடுவதுண்டு. ஆளில்லாத இருக்கையின் பாதுகாப்புப் பட்டி நாக்கு, கதவோரத் தூணின் பிளாஸ்ரிக்கில் தட்டும் சத்தம் கதவுக்குள்ளிருந்து வருவது போலவே கேட்கும். இலக்கத் தகட்டையும் விரலால் தட்டிப் பார்க்க வேண்டும்.

அதன் பிறகும் சத்தம் மிஞ்சினால், பரந்தன் பக்கத்துக் கராஜ் ஒன்றில் வயதான மெக்கானிக் ஒருவர் எனக்குச் சொன்னதையே நானும் சொல்வேன்: "நீங்கள் ஓடாதேங்கோ தம்பி, வேற ஆரையும் ஓடவிட்டிட்டுப் பின்னுக்கு இருந்து கேளுங்கோ." ஓட்டுபவருடைய காதுக்கு எல்லாச் சத்தமும் முன்பக்கத்திலிருந்தே வருகிறது. பின்னால் இருப்பவர் ஒவ்வொரு பிளாஸ்ரிக் பகுதியாக உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு வரும்போது, எதை அழுத்தினால் சத்தம் நிற்கிறதோ அங்கேதான் வேலை இருக்கிறது. இதற்கு வரி விழுந்த கிறவல் ஒழுங்கையைவிட நல்ல பரிசோதனைக்கூடம் கிடையாது. வரிகளுக்கிடையில் ஒரு மீற்றர் இடைவெளி இருக்குமானால், மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் கார் செக்கனுக்கு 10 தடவை குலுங்கும்; வேகத்தைச் சற்றே கூட்டிக் குறைத்தால் இந்தக் குலுக்கலும் மாறும். ஒவ்வொரு தளர்ந்த பொருளும் தனக்குரிய குலுக்கலில்தான் பலமாக அதிரும் என்பதால், எந்த வேகத்தில் சத்தம் எழுந்து எந்த வேகத்தில் அடங்குகிறது என்பதைக் குறித்துக்கொள்வது பெரிய உதவி. நேரத்தையும் கவனியுங்கள். காலைக் குளிரில் சுருங்கியிருக்கும் பிளாஸ்ரிக், நண்பகல் வெயிலில் விரிந்து இறுகி மௌனமாகிவிடும்.

எங்கள் காரின் டாஷ்போட்டுக்குள்ளிருந்து நெடுநாளாக ஒரு கடகடப்பு வந்துகொண்டிருந்தது. கையுறைப் பெட்டியைக் கழற்றி, கைத்தொலைபேசியின் வெளிச்சத்தில் பார்த்தபோது, எதனுடனும் பொருத்தப்படாத ஒரு வயர் இணைப்பி, காற்றுக் குழாயின் பிளாஸ்ரிக் சுவருக்கு மிக அருகில் தொங்கிக்கொண்டிருந்தது. அது தட்டித் தட்டி அந்தச் சுவரில் நகக்கண் அளவுக்கு ஓர் இடம் மினுமினுத்துத் தேய்ந்திருந்தது. வயர்களுக்குச் சுற்றும் துணிப் பட்டியை இணைப்பியின் மேல் சுற்றி, பக்கத்து வயர்க் கட்டோடு சேர்த்துக் கட்டியதோடு அந்தச் சத்தம் முடிந்தது. சாதாரண பிளாஸ்ரிக் ஒட்டுநாடா இந்த வேலைக்கு உதவாது. எங்கள் வெயிலில் அதன் பசை இளகி வழிந்துவிடும்.

காருக்கு அடியிலிருந்து வரும் சத்தங்களை மட்டும் வானொலியைக் கூட்டி மறைக்கவே கூடாது என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். கிறவலில் ஓடும்போது பிறேக் தட்டுக்கும் அதன் பின்னாலுள்ள மெல்லிய தகட்டுக்கும் இடையில் ஒரு சிறு கல் சிக்கினால் இரும்பை அராவுவது போன்ற சத்தம் எழும்; அது சில்லைக் கழற்றிக் கல்லை எடுத்தவுடன் தீரும். சைலன்சருக்கு மேலுள்ள வெப்பத் தடுப்புத் தகட்டின் ஆணி துருப்பிடித்துத் தளர்ந்தால், கார் நின்றபடி இயங்கும்போதே சிலுசிலுக்கும். ஆனால் சிறு பள்ளங்களில் முன்பக்கத்தில் 'டொக் டொக்' என்று கேட்டால், சில்லைக் காரோடு இணைக்கும் பகுதிகளான ஸ்ரபிலைசர் லிங், பந்து மூட்டு, புஷ் ஆகியவற்றில் ஏதோ ஒன்று தேய்ந்திருக்கக்கூடும். பந்து மூட்டு முற்றாகக் கழன்றால் சில்லு மடிந்துவிடும். மனைவி, பிள்ளைகளோடு ஒட்டுசுட்டான் காட்டு வழியில் போகும்போது அப்படி நேருவதை எண்ணிப் பாருங்கள். கடகடப்புகளை ஒவ்வொன்றாக நீக்கிவருவதில் எனக்குள்ள பெரிய அக்கறையே இதுதான்: வீணான சத்தங்கள் அடங்கிய காரில்தான் இந்த எச்சரிக்கைச் சத்தம் காதில் விழும்.

கதவைச் சுற்றியுள்ள இறப்பர் பீடிங்கில் கோடையில் செம்புழுதி படிந்தால், கார் வளைந்து நெளியும்போதெல்லாம் அது முனகும். ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, சிலிக்கோன் கிறீசை மெல்லியதாகப் பூசினால் போதும். எஞ்சின் ஒயிலோ சாதாரண கிறீசோ பூசினால் இறப்பர் ஊதிக் கெட்டுவிடும். ஒரு தாளை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். இலகுவாக வரும் இடத்தில் காற்றும் சத்தமும் புழுதியும் உள்ளே வருகின்றன.

அடுத்தது ரயர். காற்றழுத்தம், ஓட்டுநர் கதவுப் பக்கத் தூணில் ஒட்டப்பட்டுள்ள அளவுக்கு மேலே போனால், ஒவ்வொரு கல்லும் காருக்குள் கேட்கும். ரயரின் மேற்பரப்பில் உள்ளங்கையை முன்னும் பின்னுமாகத் தடவுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் வாள் பல்லைப் போல முரடாகவும் உணர்ந்தால், அந்த ஏற்றத்தாழ்வான தேய்மானமே இரைச்சலுக்குக் காரணம். சில்லுகளின் சீரமைப்பையும் சொக் எப்சோபரையும் பார்க்க வேண்டும். வேகத்தோடு கூடும் ஊளைச் சத்தம் வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது கூடி, மறுபக்கம் திரும்பும்போது குறைந்தால், ரயரை விட்டுவிட்டு சில்லின் பெயாரிங்கைச் சந்தேகியுங்கள். புதிய ரயர் வாங்கும்போது ஐரோப்பிய ஒன்றியத்தின் ரயர் விபரச் சிட்டை இருந்தால் அதில் டெசிபெல் அளவைப் பாருங்கள். அந்த அளவு காருக்கு வெளியே அளக்கப்படுவது என்றாலும், இரண்டு ரயர்களை ஒப்பிட உதவும். காதுக்குத் தோன்றும் அளவில் அல்லாமல், ஒலிச் சக்தியின் அடிப்படையில் 3 டெசிபெல் வித்தியாசம் என்பது இருமடங்கு.

இவ்வளவும் முடிந்த பிறகே விரிப்பு. அலுமினியத் தாளின் கீழ் பியூற்றைல் என்ற இறப்பர் வகை உள்ள இந்த விரிப்பின் வேலை மெல்லிய தகட்டின் அதிர்வை அடக்குவது. விரல் கணுவால் தட்டும்போது 'டங்' என்று ஒலிக்கும் தகட்டின் நடுப்பகுதியில், பரப்பின் கால்வாசியோ அதற்குச் சற்றுக் கூடவோ ஒட்டினால் பெரும் பயன் கிடைத்துவிடும். முழுவதையும் மூடுவதால் கூடுவது பெரும்பாலும் எடையும் செலவும்தான். கூரை ஒழுக்குக்கு ஒட்டும் தார் நாடா மலிவாகக் கிடைக்கிறதென்று அதை வாங்கி ஒட்டாதீர்கள். சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் அது மணக்கும், உருகி வழியும். கதவின் அடியிலுள்ள நீர் வடியும் துளைகளை மூடினால் மாரியில் கதவு உள்ளிருந்து துருப்பிடிக்கும். விபத்தின்போது விரியும் காற்றுப்பையுள்ள தூண்களின் உள்ளே எதையும் திணிக்க வேண்டாம்.

சல்லி தூவிய வீதியின் இரைச்சலை எதனாலும் முழுமையாக நீக்க முடியாது. வேகம் இருமடங்காகும்போது ரயர்ச் சத்தம் ஏறத்தாழ 9 முதல் 12 டெசிபெல் வரை கூடும். 10 டெசிபெல் கூடினாலே காதுக்கு இருமடங்குச் சத்தமாகத் தோன்றும். ஆகையால் அத்தகைய வீதிகளில் நான் வேகத்தை 50 கிலோமீற்றருக்குள் வைத்துக்கொள்கிறேன். அந்த வேகத்தில் பின்னிருக்கையில் இருக்கும் அம்மா சொல்வது, திரும்பக் கேட்காமலே எனக்கு விளங்குகிறது.