ஜெராக்ஸ் கடையும் பொதுத்தமிழும்: என் குரூப் 4 அனுபவம்

2024 அக்டோபர் 28 அன்று டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 ரிசல்ட் வந்தது, தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால். சான்றிதழ்களைப் பதிவேற்றச் சொன்ன பட்டியலில் என் எண்ணும் இருக்கிறது. இதை எழுதும்போது கலந்தாய்வு பாக்கி. அதனால் இப்போதே யாரும் வாழ்த்து சொல்லிவிடாதீர்கள், கண் பட்டுவிடும்.

எப்படிப் படித்தாய் என்று எங்கள் கடலூர் திருப்பாதிரிப்புலியூர் தெருவிலேயே ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்டார்கள். அவசரத்தில் ஆளுக்கொரு பதில் சொன்னேன். சரியான பதில் கொஞ்சம் நீளமானது.

2022இலிருந்து தொடங்க வேண்டும். ஜூலை 24 தேர்வு எழுதி, எட்டு மாதம் காத்திருந்து, மார்ச் 24இல் பார்த்தால் தமிழ்ப் பகுதியில் 150க்கு 57. அறுபது வந்தால்தான் அடுத்த பகுதியைத் திருத்துவார்கள். கேள்விக்கு ஒன்றரை மார்க், போனது இரண்டே இரண்டு கேள்வியில். நான் விழுந்து விழுந்து படித்த அரசியலமைப்பும் பொருளாதாரமும் திருத்தப்படாமலே கிடந்தன. தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்து தமிழில் ஃபெயில் என்று மாமியாரிடம் எப்படிச் சொல்வது? "கட் ஆஃப் ஏறிவிட்டது அத்தை" என்று சொல்லிவைத்தேன்.

காரணம் பழையது. பிளஸ் டூவில் நான் பிரெஞ்சு. தினமும் பஸ்ஸில் புதுச்சேரி போய்ப் படித்தேன். பிரெஞ்சு எடுத்தால் மார்க் அள்ளலாம் என்பது இந்தப் பக்கத்துப் பெற்றோருக்கு வேதவாக்கு. 2019 குரூப் 4இல் பொது ஆங்கிலம் எடுத்துத் தப்பித்தேன். அப்புறம் தமிழ் கட்டாயமானது, தப்பிக்க வழி அடைபட்டது. பன்னிரண்டாயிரம் கட்டிச் சேர்ந்த கோச்சிங் சென்டரில் தமிழுக்கு ஒதுக்கியது ஞாயிறு மதியம் ஒரு மணி நேரம். "இது உங்களுக்கே தெரியும்" என்று பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனார்கள். எனக்குத் தெரியாது. கையைத் தூக்கிச் சொல்ல வெட்கம்.

இப்போது என் தோழி. பெயரைப் போட்டால் திட்டுவாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து பழக்கம். நான் புதுச்சேரிக்குப் போனபோது அவள் இங்கேயே அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தாள். மஞ்சக்குப்பத்தில் சின்ன ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். நான்கு முறை குரூப் 4 எழுதியவள். ஒவ்வொரு முறையும் தமிழில் நூறு கேள்வியில் தொண்ணூறுக்கு மேல் சரியாகப் போடுவாள், கணக்கு காலை வாரிவிடும். 2022க்குப் பிறகு போதும் என்று விட்டுவிட்டாள். நானும் விட்டுவிட்டேன். அவள் விட்டதற்கும் நான் விட்டதற்கும் உள்ள வித்தியாசம் பிறகுதான் தெரிந்தது.

2024 அறிவிப்புக்குக் கடைசித் தேதி பிப்ரவரி 28. நான் அந்தப் பக்கமே போகவில்லை. குழந்தைக்கு மூன்று வயது, இனி எங்கே படிப்பது என்று இருந்தேன். 27ஆம் தேதி இரவு வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வந்தது. திறந்தால் என் விண்ணப்பம். என் போட்டோ, என் கையெழுத்து, நூறு ரூபாய் கட்டிய ரசீது. என் ஓ.டி.ஆர். (தேர்வாணையத் தளத்தில் செய்யும் ஒருமுறைப் பதிவு) பாஸ்வேர்டு அவளுக்குத் தெரியும், 2019இல் பதிந்து கொடுத்ததே அவள்தான். எனக்குக் கோபம் வந்தது. "யாரைக் கேட்டுடி போட்டே?" என்றேன். "கேட்டா வேணாம்னு சொல்லுவே, அதான் கேக்கல" என்றாள்.

அன்றிலிருந்து தேர்வுக்கு நூற்றிச் சொச்சம் நாள். அந்த நாட்களில் நான் செய்தது முக்கியமாக ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் எல்லோரும் செய்வதுதான்.

வாய்ஸ் நோட்.

மதியம் இரண்டிலிருந்து நாலு வரை கடையில் கூட்டம் இருக்காது. ஆறாம் வகுப்பிலிருந்து சமச்சீர் தமிழ்ப் புத்தகத்தை எடுத்துவைத்து, ஒரு செய்யுள், அதன் சொல்லும் பொருளும், நூலையும் ஆசிரியரையும் பற்றிய நூல்வெளி, கீழே உள்ள இலக்கணக் குறிப்பு என்று வாய்விட்டுப் படித்து அனுப்புவாள். ஏழெட்டு நிமிடம். நான் மாலையில் காய் நறுக்கும்போது கேட்பேன், இரவு பாத்திரம் தேய்க்கும்போது மறுபடியும் கேட்பேன். பின்னால் மெஷின் ஓடும் சத்தம், யாராவது வந்தால் "முன்னும் பின்னுமா அண்ணா? நாலு ரூபா" என்று நடுவில் ஒரு குரல், அப்புறம் விட்ட இடத்திலிருந்து சிறுபஞ்சமூலம் எழுதிய காரியாசான். தேர்வு அறையில் சிறுபஞ்சமூலத்தை நினைத்தாலே எனக்கு "நாலு ரூபா" என்றுதான் முதலில் கேட்டது. அதன் பின்னாலேயே விடையும் வந்தது.

கண்ணால் படித்த தமிழ் எனக்கு ஒட்டவே இல்லை, காதால் கேட்டது ஒட்டிக்கொண்டது. ல, ள, ழ மூன்றையும் ஒரே மாதிரி சொல்லிக்கொண்டிருந்த எனக்கு ஒலி வேறுபாட்டுக் கேள்விகளைத் தாளில் பார்த்துப் படிப்பது எவ்வளவு வீண் என்று இப்போது புரிகிறது. அவள் "வலை, வளை, வாலை, வாளை" என்று நாக்கை மடக்கி மடக்கிச் சொல்வாள், நானும் அடுப்படியில் நின்று சொல்வேன், என் பெண்ணும் சேர்ந்து சொல்வாள். உங்களுக்குக் காது வழி ஏறாது என்றால் இந்த வழி வேண்டாம். ஆனால் ஆங்கில வழியில் படித்தவர்கள் ஒரு மாதமாவது முயன்று பாருங்கள்.

அவள் சொல்லி மனதில் நின்றவை சில:

– திரிகடுகம், சிறுபஞ்சமூலம், ஏலாதி. மருந்துப் பெயர் கொண்ட அறநூல்கள், மருந்துப் பொருள் முறையே மூன்று, ஐந்து, ஆறு. திரிகடுகம் ரசத்தில் பாதி: சுக்கு, மிளகு, திப்பிலி. அதோடு ஏலம், இலவங்கம், சிறுநாவற்பூ சேர்ந்தால் ஏலாதி. சிறுபஞ்சமூலத்துக்கு அடுப்படியில் ஒன்றும் கிடைக்காது, கண்டங்கத்திரியும் நெருஞ்சியும் வெளியே போய்த்தான் தேட வேண்டும். அதனாலேயே மறக்கவில்லை.
– ஓரெழுத்து ஒருமொழி 42. நொ, து இரண்டு மட்டும் குறில்.
– 2024 பாடத்திட்டத்தில் திருக்குறளில் 19 அதிகாரம்தான் இருந்தது. 133ஐயும் தொட்டு நேரத்தை விடாதீர்கள்.
– நம் ஊர்க்காரர்களைப் பக்கத்து வீட்டுக்காரர்களாகப் படியுங்கள். பாரதிதாசன் புதுவை, வள்ளலார் வடலூர், அஞ்சலையம்மாள் கடலூர் முதுநகர். பாரதியார் புதுவையை விட்டு வந்து கைதாகி இருந்தது 1918இல் நம் கடலூர்ச் சிறையில். நாவுக்கரசரைக் கல்லோடு கட்டிக் கடலில் போட்ட கதையை ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் கரையேறியதாகச் சொல்லும் கரையேறவிட்டகுப்பத்துக்கே கூட்டிப்போய்ச் சொன்னாள். வரும்போது வெயிலில் இரண்டு பேருக்கும் தலைவலி.
– பழைய வினாத்தாள்கள். இதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

கடையில் வீணான தாள்களை அவள் எறிய மாட்டாள். ஒரு பக்கம் அச்சு சரியாக விழாத நோட்டீஸ்களின் பின்புறத்தில் பழைய வினாத்தாள்களை அடித்துக் கொடுப்பாள். என்னிடம் உள்ள கட்டில் ஒரு பக்கம் இலக்கணக் குறிப்பு, திருப்பினால் ஏதோ ஒரு மாரியம்மன் கோயில் கும்பாபிஷேகம், இன்னொன்றில் காதணி விழா. நான் தப்பாகப் போட்டதை மட்டும் பச்சை மையில் வட்டமிட்டு, அடுத்த வாரம் அந்தக் கேள்விகளையே மறுபடி அடித்துத் தருவாள். ஒரே கேள்வியை நான்காம் முறையும் தப்பாகப் போட்டேன் (பண்புத்தொகையா வினைத்தொகையா, இன்றும் சந்தேகம்தான்). ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. ஒரு ரூபாய் வாங்கவில்லை. நான் காசு நீட்டினால், "வேஸ்ட் பேப்பர்டி" என்பாள். தாள் வேஸ்ட், டோனருமா வேஸ்ட்?

மற்றவை சுருக்கமாக. காலை நாலு மணிக்கு எழுந்து படி என்று யாராவது சொன்னால் என் பதில்: எனக்கு வராது, நான் எழவும் இல்லை. நடப்பு நிகழ்வுகளுக்கு நாளிதழ் போதும். நான் பதற்றக்காரி, அதனால் 25 கணக்கையும் கடைசிக்கு வைத்தேன். தைரியசாலிகள் முதலில் போடலாம். தப்பான விடைக்கு மார்க் குறைவதில்லை, ஆகவே ‘விடை தெரியவில்லை’ என்ற ஐந்தாவது வட்டமான E-யை நிரப்புவதற்கு முன் ஒரு முறை யோசியுங்கள். ஓ.எம்.ஆர். விடைத்தாளை மொத்தமாகக் கடைசியில் நிரப்பலாம் என்று வைக்காதீர்கள். கறுப்பு பால்பாயிண்ட் இரண்டு.

ஜூன் 9, ஞாயிறு. ஒன்பது மணிக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள் என்பதால் எட்டேகாலுக்கே போய்விட்டோம். கணவர் வெளியூரில், மாமியாருக்குக் காய்ச்சல். தோழிதான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மூன்று மணி நேரம் கழித்து வெளியே வந்தால், சுற்றுச்சுவர் ஓர நிழலில் இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். கையில் நுங்கு. குழந்தை என்னைப் பார்த்ததும் "வலை, வளை" என்றது. தோழி வினாத்தாளை வாங்கி அங்கேயே நின்று தமிழ்ப் பகுதியைப் புரட்டினாள். அப்போது அவள் உதடு அசைந்ததை நான் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் விடை சொல்லிக்கொண்டே போனாள், ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

எனக்கு 84 சரி. அவள் எழுதியிருந்தால் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தத் தேர்வில் நான் செய்த பெரிய தப்பு இதுதான். ஓ.எம்.ஆரில் நடந்த தப்பு இல்லை. அந்தப் பிப்ரவரி 27 இரவு, கோபம் தணிந்ததும், "நீயும் போடேன்டி" என்று கேட்டேன். "வேணாம்" என்றாள். சரி என்று விட்டுவிட்டேன். கடைசித் தேதிக்கு இன்னும் ஒரு நாள் முழுதாக இருந்தது. நூறு ரூபாய் என்னிடமும் இருந்தது. கணக்கில் நான் மோசமில்லை, 25இல் 22 போடுவேன். அவள் தமிழ் சொல்லிக்கொடுத்த நேரத்தில் பாதியை நான் அவளுக்குக் கணக்குக்குக் கொடுத்திருந்தால் போதும். கேட்டது என் தப்பு. அவள் என்னைக் கேட்கவில்லையே.

பழைமை என்று ஒரு அதிகாரம் உண்டு, 81ஆவது. நெடுநாள் நட்பு, அந்த உரிமையில் நண்பர் கேளாமலே செய்துவிடுவது, அதை மகிழ்ந்து ஏற்பது என்று போகும். அந்தப் பத்தொன்பதில் இது கிடையாது என்பதால் அவள் எனக்கு அதை வாசித்து அனுப்பவில்லை. ரிசல்ட்டுக்குப் பிறகு நானாகப் படித்தேன்.

ரிசல்ட் அன்று தரவரிசைப் பக்கத்தை அவள் கடையில்தான் பிரிண்ட் எடுத்தோம். நல்ல தாள், பின்பக்கம் வெள்ளை. "பத்து ரூபா எடு, இனிமே நீ சம்பளக்காரி" என்றாள். கொடுத்தேன், வாங்கிக் கல்லாவில் போட்டுக்கொண்டாள். அப்போதே அவளுடைய ஓ.டி.ஆர். பாஸ்வேர்டைக் கேட்டேன். மறந்துபோச்சு என்கிறாள். என் பாஸ்வேர்டை 2019இலிருந்து நினைவில் வைத்திருப்பவள்.