சேர் காட்டிய கை

1992. இலங்கையின் வடக்கில் போரும் பொருளாதாரத் தடையும் இருந்த காலம். வரைதாளுக்கு எங்கே போவது? பழைய சோதனைத் தாள்களின் பின்பக்கம்தான் கிடைத்தது. பூவரசங் குச்சிகளைப் பால்மா டின்னில் இறுக்கி, மூடியில் ஒரு துளை போட்டு கீறுவதற்குக் கரிக்குச்சி செய்ய அடுப்பில் வைப்பார் எங்கள் சித்திர ஆசிரியர்; எங்களுக்கு அவர் சேர். புகை நின்று டின் ஆறும்வரை திறக்க விடமாட்டார். பதமாக வெந்த குச்சி மேசையில் விழுந்தால் கிணுக்கென்று கேட்கும்.

சித்திர அறைச் சுவரில், யாரோ வெளிநாட்டிலிருந்து அனுப்பிய நாட்காட்டியில் வெட்டிய படம் ஒன்று. ஒரு முதியவள் தன் மேலங்கிக்குள் பையன்களை அடக்கி வைத்திருக்கிறாள். பெரிய ஓவியனாக வரவேண்டும் என்று நான் துடித்த வயது. படம் வடிவில்லை என்றேன். “தம்பி, முகத்தைப் பாக்காதை. அவளின்ரை கையைப் பார்” என்றார் சேர். அந்தத் தவணை முழுக்க அவரவர் இடக்கையைக் கீறுவதுதான் எங்களுக்கு வேலை.

கீறியவர் கேத்தே கொல்விட்ஸ் என்ற ஜேர்மன் ஓவியர் என்பதைச் சேர்தான் சொன்னார். மிச்சத்தை நான் பெர்லினுக்கு வந்து, டொச் (ஜேர்மன் மொழி) படித்த பிறகே அறிந்தேன்.

1914இல் கொல்விட்ஸின் இளைய மகன் பீட்டர் போருக்குப் போக விரும்பினான். வயது 18. தகப்பன் சம்மதிக்கவில்லை. மகனுக்காகக் கணவரிடம் மன்றாடியவர் தாய்தான். ஒக்டோபரில் பெல்ஜியத்தில் பீட்டர் இறந்தான். அவனுக்கு ஒரு நினைவுச்சின்னம் செய்ய எண்ணியவர், முடித்து நிறுத்தியது 1932இல். மகனின் உருவத்தை முதலில் வைத்து, பிறகு கைவிட்டார். கடைசியில் மிஞ்சியவை மண்டியிட்ட தகப்பனும் தாயும்.

புகழ் அவருக்குக் குறைவில்லை. 1919இல் பிரஷ்யக் கலைக் கழகம் சேர்த்துக்கொண்ட முதல் பெண் அவர். 1933இல் நாஜிகள் அங்கிருந்து வெளியேற வைத்தார்கள். ஆனால் 1922இலேயே அவர் நாட்குறிப்பில் எழுதிய ஆசை வேறு: தன் காலத்து மக்களுக்குப் பயன்பட வேண்டும் என்பது. அதைப் படித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. பதினாறு வயதில் நான் ஆசைப்பட்டதெல்லாம் படத்தின் மூலையில் கிடக்கும் என் கையெழுத்துக்குத்தான்.

‘மரணம்’ என்ற எட்டுப் படங்களை அறுபது வயது தாண்டியபின் செய்தார். கடைசிப் படத்தில் இருப்பது அவரே. வெளியிலிருந்து ஒரு கை வந்து அவரைத் தொடுகிறது. முகத்தில் பயமில்லை. நாள் முழுக்க வயலில் நின்ற மனுசியைப் பொழுதுபட வீட்டுக்குக் கூப்பிடுவதுபோல இருக்கிறது. எனக்கு அவர் செய்ததில் இதுவே மேலானது.

சேரின் சுவரில் இருந்த படத்தின் பெயர் ‘விதைநெல்லை அரைக்கக் கூடாது’. ஜேர்மன் கவிஞர் கோத்தேயின் வரி. இளைஞர்களை இன்னும் போருக்கு அழைத்தபோது, 1918இல் அதே வரியைச் சொல்லித்தான் கொல்விட்ஸ் பகிரங்கமாக மறுத்தார். 1942இல் பேரனையும் ரஷ்யாவில் போர் கொண்டுபோனது. அவன் பெயரும் பீட்டர். ஏன் அந்தப் படத்தை எங்கள் கண்முன் மாட்டினார் என்று சேர் ஒருநாளும் விளக்கவில்லை. அந்த வகுப்பில் இருந்த எல்லோரும் இந்தப் பாடசாலை மலரை வாசிக்கப்போவதில்லை.

சார்லொட்டன்பேர்க் மாளிகைப் பக்கம் இருக்கும் கொல்விட்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போன வருடம் போனேன். எங்கள் படத்தில் இரண்டு பையன்கள்தான். நாட்காட்டியை வெட்டியபோது ஓரம் போயிருக்கிறது. அங்கே முழுப்படத்தில் மூன்றாவது பையனும் அவள் கைக்குள் இருந்தான்.